காணி உறுதியை ஈடு வைக்க முன்

கடந்த மாதம் ஒரு பிற்பகல், கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் என்னைப் போலவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். தகப்பன் 2009 இல் காணாமற் போனவர். தாயின் கையிலிருந்த பொலித்தீன் பைக்குள் காணி உறுதி. இலண்டனில் சமூகவியல் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம், ஒரு வருடப் படிப்பு. உறுதியை ஈடு வைத்தால் முதற் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று முகவர் சொல்லியிருக்கிறார்.

"பிள்ளை, இது நல்ல படிப்புத்தானே?" என்று தாய் கேட்டார்.

நல்ல படிப்புத்தான். ஆனால் பத்து வருடத்துக்குப் பின்னும் அது சோறு போடுமா என்பது வேறு கேள்வி. அதை முகவர்கள் கேட்பதில்லை.

2016 இல் எனக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தது. அம்மா சங்கிலியைக் கழற்றித் தந்துவிட்டார். அப்போது என்னோடு வேலை செய்த மூத்த அக்கா ஒருவர், "படிச்சு முடிச்ச அடுத்த நாள் எந்தக் கதவைத் தட்டுவாய்?" என்று கேட்டார். ஒரு கிழமை யோசித்தும் பதில் வரவில்லை. சங்கிலி அம்மாவின் கழுத்துக்கே திரும்பிப் போனது.

அதே கேள்வியைத்தான் இந்தப் பிள்ளையிடமும் கேட்டேன். "அங்கேயே சமூகப் பணியாளரா வேலை எடுக்கலாம்தானே, அக்கா?" என்றாள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இங்கிலாந்தில் பதிவு பெறாத எவரும் தம்மைச் சமூகப் பணியாளர் என்று அழைத்துக்கொள்ளவே சட்டம் இடந்தராது. களப்பயிற்சியோடு கூடிய, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட படிப்பு வேண்டும். சமூகவியல் முதுமாணி அந்தப் பதிவைத் தராது. படிப்பு முடிந்தபின் வேலைக்காகத் தங்கக் கிடைப்பது இரண்டு வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதம்தான். அதற்குள் நிரந்தர வழியொன்று கிடைக்காவிட்டால் கடனோடு திரும்ப வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் வேறு துறைப் பட்டதாரிகள் சமூகப் பணியாளராக வருவதற்கென்றே இரண்டு வருட முதுமாணிப் படிப்பு உண்டு. 1000 மணித்தியாலக் களப்பயிற்சி, பெரும்பாலும் சம்பளமில்லாமல். செலவும் கூட. இலகுவான வழி என்று சொல்லமாட்டேன். ஆனால் முடிக்கும்போது கையில் ஒரு தொழில் இருக்கும்.

பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் சகோதரிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரி முதல் பிரித்தானியாவில் இத்தகைய ஒரு வருட முதுமாணி படிக்கப் போகிறவர்கள் பிள்ளையைக் கூட்டிச் செல்ல முடியாது. இதை விமானச் சீட்டு எடுத்த பிறகு அறிந்து அழுத ஒரு தாயை எனக்குத் தெரியும்.

"சரி அக்கா, நான் இங்கதான் வேலை செய்ய விரும்பினால்?" என்று அவள் கேட்டாள். அப்படியானால் ஈடு எதற்கு? செவனிங் புலமைப்பரிசில் கட்டணம், பயணம், வாழ்க்கைச் செலவு எல்லாவற்றையும் தருகிறது. போட்டி கடுமையானது. இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். வெளியே தங்க நினைப்பவர்களுக்கு இது தடை. இங்கே வேலை செய்ய நினைப்பவளுக்குத் தடையேயில்லை.

அவள் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்த மாதங்களை விரல் விட்டு எண்ணினாள். பதினாறு.

"அப்ப இன்னும் எட்டு மாசம்" என்றார் தாய், பொலித்தீன் பையை இறுக்கி முடிந்தபடி.