மதுவமும் மாலைக்கண்ணும்

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் றப்பர்த் தோட்டங்களிலே பால்வெட்டு விடியற்பொழுதிலேயே தொடங்கிவிடுகிறது. மங்கலான ஒளியில் பட்டையின் வெட்டுக்கோட்டைக் காண இயலாத தொழிலாளிக்கு மாலைக்கண் நோய் மட்டுமன்று, கூலிப் பிரச்சினையுமாகும். அந்நோயின் ஒரு வகையை விளங்கிக்கொள்ள, அதே மாவட்டங்களில் கித்துள் கள்ளை நொதிக்கச் செய்யும் மதுவ இனம் உதவியமை ஈண்டு நோக்கத்தக்கது.

கலத்திலே பரம்பரையலகின் செய்தி முதலில் ஆர்.என்.ஏ. ஆகப் படியெடுக்கப்படுகிறது. அப்படியில் உள்ள இடைத்துண்டுகளை வெட்டி நீக்கி, எஞ்சியவற்றைப் பொருத்திய பின்னரே அது புரத ஆக்கத்துக்கு உதவும். இவ்வுண்மை வெளிப்பட்டது 1977இல். ஆயின் லீலண்ட் ஹாட்வெல் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 23 பாகையில் வளர்ந்து 36 பாகையில் முடங்கும் மதுவ விகாரங்களைத் திரட்டியிருந்தார். அவற்றுட் சில றைபோசோம் ஆக்கத்தைக் கட்டுப்படுத்துவன என 1970இல் கருதப்பட்டது. உண்மையில் அவற்றுட் பெரும்பாலானவை வெட்டியொட்டும் பொறியின் உறுப்புக்களுக்குரியவை. மதுவத்தின் ஏறத்தாழ 6,000 பரம்பரையலகுகளில் இடைத்துண்டுடையவை 300 அளவினவே. அவற்றுட் பல றைபோசோம் புரதங்களுக்குரியவை. மயக்கத்துக்குக் காரணம் அதுவே.

இவற்றின் மனித இணைகளைக் காண வரிசை ஒப்பீடு முதற்கருவி. பிஆர்பி8 என்னும் புரதத்தில் நூற்றுக்கு 60 அளவு மதுவத்திலும் மனிதரிலும் ஒன்றே. எனினும் ஒப்புமை மட்டும் போதாது. (சொல்லொற்றுமை கண்டவுடன் மொழியுறவை நிறுவிவிடும் நம் ஒப்பியலாளர் சிலர் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.) மனிதப் பரம்பரையலகை மதுவத்தில் இட்டு, அது உயிர்வாழ்கிறதா எனச் சோதிப்பர். 2015இல் இன்றியமையாத 414 பரம்பரையலகுகள் இவ்வாறு சோதிக்கப்பட்டபோது ஏறத்தாழப் பாதிக்கு மனித இணை ஈடுகொடுத்தது.

மதுவத்தின் பிஆர்பி31க்கு இணையான மனிதப் பரம்பரையலகு 19ஆம் நிறமூர்த்தத்தில் உளது. அதிலேற்படும் விகாரம் விழித்திரையை நலிவிக்கும் பரம்பரை நோயொன்றுக்குக் காரணமென, எரங்கா விதானவை முதலாசிரியராகக் கொண்ட ஆய்வு 2001இல் காட்டியது. மாலைக்கண்ணாகத் தொடங்கும் இந்நோய் சிலவேளை ஒரு தலைமுறையைத் தாண்டிச் செல்லும்: பழுதற்ற மற்றைப் பிரதி மிகுதியாகத் தொழிற்படுமாயின், விகாரத்தைச் சுமப்பவர் பார்வையுடனேயே வாழ்ந்து அதனைப் பிள்ளைக்குக் கையளிப்பார். இத்தகைய தாண்டலைச் சாபமென விளக்க இனி இடமில்லை.

ஆனால் தோட்டத்து மாலைக்கண் அனைத்தையும் பரம்பரையின் மேல் ஏற்றுவது, அரைவயிற்றுக் கூலி கொடுப்போருக்கு வசதியான விளக்கம். விற்றமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் அதனைக் கொடுத்தால் நீங்கும். பரம்பரை வகையோ நீங்காது. பக்கப் பார்வை ஆண்டுதோறும் சுருங்கும். ஆதலின் தோட்ட மருந்தகத்திலே குடும்பத்தில் வேறெவருக்கு இது உண்டு என்பதோடு, அவ்வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டும்.