பாடலும் பகைமையும்: மக்களாட்சிக்கு நேரும் இடர்

பேச்சுக்கு மறுமொழி கூறலாம். பாடலுக்கு மறுமொழி கூறுவோர் அரியர். மெட்டு இனிதாயின் கேட்போரும் சேர்ந்து பாடுவர். பொருளைப் பின்னரே எண்ணுவர், சிலர் எண்ணுவதுமில்லை. வெறுப்பை வளர்க்கும் இயக்கங்கள் மக்கள் இசையை நாடுவதற்கு இதுவே முதற்காரணம்.

கொங்கு நாட்டு வள்ளி கும்மியை நம் ஊழியர் அறிவர். குறவர் குலத்தில் வளர்ந்த வள்ளியை முருகன் மணந்த கதையே அதன் பொருள். இக்கலையைப் பெண்களுக்கும் கற்பித்த கோவை மாவட்டக் கலைஞர் பத்திரப்பன் 2024ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆயினும், அண்மை ஆண்டுகளில் சாதி சார்ந்த மேடைகளிலும் இக்கும்மி ஆடப்படுகிறது. சொந்தச் சாதிக்குள்ளேயே மணம்புரியுமாறு ஆடும் பெண்களிடம் உறுதிமொழி பெறப்படுவதாகச் செய்திகள் வெளிவந்து கண்டனத்துக்குள்ளாயின. குலங்கடந்த மணத்தைப் பாடும் கலை, குலவேலிக்குக் காவலாக நிறுத்தப்படுவது எத்துணை முரண்! குற்றம் கலையினுடையதன்று, அதைக் கைக்கொள்வோருடையது.

இவ்வேலி எத்தகையது என்பதைத் திருச்செங்கோடு காட்டிற்று. 2015 ஜூன் 23 அன்று, வேறு சாதிப் பெண்ணொருத்தியுடன் கோயிலில் பேசிக்கொண்டிருந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார்; மறுநாள் இருப்புப்பாதையில் பிணமாகக் கிடந்தார். சாதி அமைப்பொன்றின் தலைவர் உட்படப் பத்துப் பேர் குற்றவாளிகளென 2022இல் மதுரை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடல் இக்கொலையைச் செய்ததென்று எவரும் கூறார். ஆனால் எந்த மனநிலையில் இத்தகைய செயல் வீரமாகத் தோன்றுமோ, அந்த மனநிலையைப் பெருமைப் பாடல்கள் பேணி வளர்க்கின்றன.

ருவாண்டாவில் சைமன் பிக்கிண்டி என்னும் புகழ்பெற்ற பாடகரின் பாடல்கள், 1994ஆம் ஆண்டு இனப்படுகொலைக் காலத்தில் வானொலியில் ஒலித்தன. 2008இல் பன்னாட்டு நீதிமன்றம் அவருக்கு 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. எனினும், ஒலிபெருக்கியில் அவர் விடுத்த கொலை அழைப்புக்காகவே அத்தண்டனை, பாடல்களுக்காக அன்று. சட்டத்தின் கை பாடலை எட்டுவது அரிது என்பதற்கு இது சான்று. நம் நாட்டிலும், ஆடல் பாடல் நிகழ்ச்சிகளில் சாதி, மதம், கட்சி சார்ந்த பாடல்கள் கூடாதென உயர் நீதிமன்றம் நிபந்தனை விதித்ததுண்டு. அதைக் காப்பது ஊராரின் மனச்சான்றே.

திருச்சபையும் இதற்கு விலக்கன்று. நாசி ஆட்சியில் ஜெர்மன் சபையினர் சிலர், எபிரெயச் சொற்களை நீக்கிய பாட்டுப் புத்தகமொன்றை 1941இல் வெளியிட்டனர். அதைச் செய்தோர் இறையியல் கற்றவர்களே.

என் பராமரிப்பிலிருந்த சபையொன்றில், திருமண வரவேற்பின்போது சாதிப் பெருமைப் பாடலொன்று ஒலித்தது. வாலிபர் ஆடினர், நானும் புன்னகையோடு அமர்ந்திருந்தேன். பின்வரிசையிலிருந்த சில குடும்பத்தார் உண்ணாமலே எழுந்து சென்றனர். காரணத்தை மறுநாளே அறிந்தேன். அப்பாடலில் எவரையும் இகழும் சொல் ஒன்றுமில்லை. அவர்களுக்கு அதில் இடமில்லை என்பதே அதன் பொருள்.

மக்களாட்சி என்பது வாக்குச்சீட்டு மட்டுமன்று. அயலானும் சமமாக அமர்ந்து மறுமொழி கூறத்தக்க பந்தி அது. அவன் எழுந்து செல்லுமாறு பாடுகிறபோது அது குலைகிறது. நீதியற்ற பாடல்களின் இரைச்சலைக் கடவுள் வெறுப்பதை ஆமோஸ் அறிவித்தான். ஆகவே, இப்பாடலில் யாருக்கு இடமில்லை என்று நம் வாலிபரைக் கேட்கப் பழக்குவோம். அக்கேள்வியை முதலில் நம்மையே கேட்போமாக.