இயந்திரத்திற்கும் ஒரு பிறப்புச் சான்றிதழ்



கோவில்பட்டியில் பொழுது விடிவதைச் சேவல் சொல்வதற்கு முன் மில் சங்கு சொல்லிவிடும். லாயல் மில், லட்சுமி மில் என்னும் பெயர்களைக் கேளாமல் இவ்வூரில் வளர்ந்தவர் எவருமிலர். நம்முள் பலருடைய வீட்டில் யாரேனும் ஒருவர் பஞ்சாலையில் வேலை பார்க்கிறார். என் தந்தையும் அவ்வாறே. ஆனால் இவ்விரண்டும் அல்லாத வேறோர் ஆலையில் ஸ்டோர்ஸ் எழுத்தராக இருக்கிறார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். தணிக்கைக்கு வந்தவர்கள் எண்ணிப் பார்த்தபோது, பதிவேட்டில் இருந்த இரண்டு மோட்டார்கள் ஆலையில் காணப்படவில்லையாம். ஸ்டோர்ஸ் சாவி அப்பாவிடம் இருந்ததால் எல்லாருடைய பார்வையும் அவர்மேல் விழுந்தது. மூன்று வாரம் எங்கள் வீட்டில் டி.வி. கூடப் போடவில்லை. பிறகுதான் உண்மை தெரிந்தது. அதே முதலாளியின் இன்னோர் ஆலையில் நள்ளிரவில் இயந்திரம் நின்றுபோக, யாரோ வாய்மொழியாகச் சொன்னதன் பேரில் மோட்டார்களை லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். எழுதவேண்டிய ஒரு வரியை எவரும் எழுதவில்லை. அந்த ஒரு வரியின் அருமையை அறிந்தபின்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நிலைச் சொத்து என்பது யாது? பருத்தி விற்ற காசில் ஒரு விவசாயி உழவு மாடு ஒரு சோடி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாட்டுக்கு வாங்கும் பருத்திக்கொட்டை அந்தந்த வருடத்துச் செலவு. மாடோ பத்து வருடம் உழும். அதன் விலை முழுவதையும் வாங்கிய வருடத்திலேயே செலவாக எழுதினால், அவ்வருடம் பெருநட்டம் என்றும் அடுத்த ஒன்பது வருடமும் கொள்ளை இலாபம் என்றும் கணக்கு பொய் சொல்லும். ஆகவே விலையை அது உழைக்கும் வருடங்களுக்குப் பங்கிடுகிறோம். அப்பங்கிற்குத் தேய்மானம் என்று பெயர். நிலத்திற்கு மட்டும் தேய்மானம் கிடையாது. நம் கரிசல் மண் இதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

கோயம்புத்தூரில் கணக்குப் பிரிவில் பணிபுரியும் என் சித்தி விடுமுறைக்கு வந்தபோது, ஓர் இயந்திரத்தின் வாழ்க்கையைக் கணினியில் எனக்குக் காட்டினார். நூல் நூற்கும் ரிங் பிரேம் ஒன்றின் விலை 27,60,000 ரூபாய் என்று கொள்வோம். லாரி வாடகை 60,000. அடித்தளம் போட்டு நிறுவ 1,80,000. ஆக, கணக்கில் ஏறும் மதிப்பு 30,00,000. நிறுவும் வேலை முடியும்வரை இத்தொகை ‘நடைபெறும் மூலதனப் பணி’ என்ற தனித் தலைப்பில் காத்திருக்கும். பயன்பாட்டுக்குத் தயாரான நாளில்தான் அது சொத்தாகிறது. அன்று அதற்கு ஓர் எண் வழங்கப்படுகிறது. விலை, தேதி, இருக்குமிடம், பொறுப்பாளர் எல்லாம் அவ்வெண்ணின் கீழ் வந்துவிடுகின்றன. இதைத்தான் நான் பிறப்புச் சான்றிதழ் என்கிறேன்.

முன்பு இதற்கென நீண்ட பதிவேடுகள் இருந்தன. பெரிய நிறுவனங்களில் இப்போது மென்பொருள் வந்துவிட்டது. ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐந்து பொறியாளர்கள் 1972-ல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. இவற்றுள் புகழ்பெற்றது. நம் நாட்டின் டாலி 1986-ல் பிறந்தது. நமக்கு அண்மையில் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலேயே ஸோஹோ நிறுவனத்தார் மென்பொருள் எழுதுகிறார்கள். எஸ்.ஏ.பி. போன்றவற்றின் சிறப்பு யாதெனில், கொள்முதல் பிரிவு, ஸ்டோர்ஸ், கணக்குப் பிரிவு மூன்றும் ஒரே ஏட்டில் எழுதுவது போன்ற ஏற்பாடு. ஸ்டோர்ஸில் சரக்கு வந்தது என்று பதிந்தால் கணக்குப் பிரிவுக்கும் உடனே தெரியும்.

எது சொத்து, எது செலவு என்று பிரிப்பதில்தான் பெரிய வம்பு இருக்கிறது. எண்ணெய் போட்டதும் பெல்ட் மாற்றியதும் வருவாயினச் செலவு. புதிய இயந்திரம் வாங்கியது முதலினச் செலவு. செலவைச் சொத்தென்று எழுதினால் இலாபம் பொய்யாக உயர்ந்துவிடும். அமெரிக்காவில் வேர்ல்டுகாம் என்னும் தொலைபேசி நிறுவனம் இதைத்தான் செய்தது. பிற கம்பெனிகளின் கம்பிவழிகளைப் பயன்படுத்தியதற்குக் கொடுத்த கட்டணத்தைச் சொத்தாக எழுதி வைத்தார்கள். அதன் உள்தணிக்கைத் தலைவியான சிந்தியா கூப்பரும் அவருடைய குழுவினரும் கணினிப் பதிவுகளைத் துருவித் துருவிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தனர். 2002 ஜூனில் 380 கோடி டாலர் பொய்க்கணக்கு வெளிவந்தது; ஜூலையில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். கணக்குப் பாடம் உப்புச்சப்பற்றது என்று சொல்லும் தோழியருக்கு இக்கதையை நான் சொல்வதுண்டு.

இனித் தேய்மானத்திற்கு வருவோம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பொதுவான இயந்திரத்திற்கு 15 ஆண்டும், மேசை நாற்காலிகளுக்கு 10 ஆண்டும், நாம் தட்டும் கணினிக்கு வெறும் 3 ஆண்டும் ஆயுள் குறித்திருக்கிறது. கடைசியில் மிஞ்சும் மதிப்பைப் பொதுவாக 5 சதவீதத்திற்கு மேல் வைப்பதில்லை. நம் ரிங் பிரேமுக்கு 1,50,000 போக மீதி 28,50,000. அதைப் பதினைந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1,90,000. இது நேர்க்கோட்டு முறை.

ஆனால் நம்மூர் ஆலைகளில் சங்கு எத்தனை முறை ஊதுகிறது? மூன்று ஷிப்ட் அல்லவா! அதையும் சட்டம் மறக்கவில்லை. இரண்டு ஷிப்ட் ஓடிய காலத்திற்குத் தேய்மானம் ஒன்றரை மடங்கு. மூன்று ஷிப்ட் ஓடினால் இரு மடங்கு. அதாவது ஆண்டுக்கு 3,80,000. ஒரு ஷிப்ட் ஓடிய இயந்திரம் பத்து ஆண்டில் 11,00,000 மதிப்புக்கு இறங்கும். மூன்று ஷிப்ட் ஓடியது ஐந்தே ஆண்டில் அங்கே வந்துவிடும். இரவும் பகலும் உழைப்பவர் சீக்கிரம் மூப்படைவது மனிதருக்கு மட்டுமன்று போலும். இதையெல்லாம் மென்பொருள் மாதந்தோறும் தானே கணக்கிடுகிறது. ஷிப்ட் விவரத்தை மட்டும் நாம் சரியாகக் கொடுக்கவேண்டும்.

இடம் மாறினாலும் எழுதவேண்டும். இயந்திரத்தில் ஒட்டிய பட்டைக்குறியைக் கருவியால் தொட்டால் அதன் எண் திரையில் தெரியும். எந்த ஆலையில், எந்தப் பிரிவில் இருக்கவேண்டும் என்பதும் தெரியும். சொத்துக்களை உரிய இடைவெளியில் நேரில் சரிபார்த்தார்களா என்று கம்பெனியின் தணிக்கையாளர் தம் அறிக்கையில் கூறவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எதைத் திருத்தினாலும் அந்தத் தடம் அழியாமல் இருக்கவேண்டும் என்பதும் விதி. எனினும், லாரியில் ஏற்றியவர் பதியாவிட்டால் அவ்வளவு பெரிய கணினியும் ஊமைதான்.

கடைசிக் கட்டம் விற்பனை. 11,00,000 மதிப்பில் நிற்கும் ரிங் பிரேமை 8,00,000-க்கு விற்றால், 3,00,000 நட்டம் என்று அவ்வாண்டின் இலாப நட்டக் கணக்கில் காட்டவேண்டும். பிறகு அந்தச் சொத்து ஏட்டிலிருந்து நீங்கும். அதன் வரலாறு மட்டும் நிற்கும்.

எங்கள் வீட்டைக் கலங்க வைத்த அந்த நிகழ்ச்சிக்குப் பின் அப்பாவின் ஆலையிலும் மென்பொருள் வந்தது. நாற்பத்தெட்டு வயதில் அப்பா தட்டச்சு பழகினார். எழுத்துகளைத் தேடித் தேடி ஒற்றை விரலால் அடிப்பார். ஆனாலும் மோட்டார் எண்களை ஒரு நோட்டிலும் எழுதிவருகிறார். “ஏன் அப்பா, அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே?” என்று கேட்டேன். “கரண்டு போனாலும் நோட்டு இருக்கும்லா” என்றார்.

அந்த இரண்டு மோட்டார்களில் ஒன்று சென்ற ஆண்டு சுருள் எரிந்துபோய்ப் பழைய இரும்பாக எடைக்குப் போயிற்று. அது வாசலைத் தாண்டுமுன் விற்பனைப் பதிவை அடித்தவர் அப்பாதான்.