நடக்கும் எந்திரங்கள் – 7: இரண்டு கேட், ஒரு நடை

கெபாசிட்டரும் ரெசிஸ்டரும் சேர்ந்து நேரத்தை அளக்கும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த ஒரு விஷயத்தை வைத்தே ஓர் எந்திரத்தை நடக்க வைத்துவிடலாம். புரோகிராம் வேண்டாம், மெமரி வேண்டாம்.

செய்து காட்டியவர் மார்க் டில்டன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலும், பிறகு அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்திலும் இருந்தவர். பழைய சாதனங்களில் கழற்றிய மோட்டார்களை வைத்தே 1990-களில் கால் முளைத்த எந்திரங்களைக் கட்டினார். 'பீம்' ரோபோ என்ற வகையே அவரால் வந்தது. 2004-இல் கடைக்கு வந்த ரோபோசேப்பியன் பொம்மையும் அவர் கைவண்ணம்தான்.

சுற்றுக்கு வருவோம். ஒரு நாட் கேட். அதன் உள்ளீட்டுக்கு முன்னால் ஒரு கெபாசிட்டர்; உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர். முன்பக்கம் 0-விலிருந்து 5 வோல்ட்டுக்குத் தாவினால், கெபாசிட்டர் அந்தத் தாவலை அப்படியே உள்ளே தள்ளும். வெளியீடு 0 ஆகும். பிறகு உள்ளீட்டின் வோல்ட்டேஜ் ரெசிஸ்டர் வழியே வடிந்து பாதிக்குக் கீழே இறங்கியதும் வெளியீடு மறுபடி 5-க்கு ஏறும். இடைப்பட்ட நேரம், ரெசிஸ்டர் மதிப்பையும் கெபாசிட்டர் மதிப்பையும் பெருக்கி, அதில் சுமார் 0.7 பங்கு. 2.2 மெகா ஓமும் 0.22 மைக்ரோ ஃபாரடும் போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு விநாடி. ஒரு காலை வீச இது போதும்.

இப்படி இரண்டை வளையமாகக் கோத்தால் அது 'பைகோர்'. ஒன்று விழித்தால் மற்றது அடங்கும். இருவர் ரம்பம் அறுப்பதுபோல வேலை கைமாறிக்கொண்டே இருக்கும். இரண்டு வெளியீடுகளுக்கும் நடுவே மோட்டாரை மாட்டினால் அது முன்னும் பின்னும் திரும்பும். இன்னொரு பைகோரை ரெசிஸ்டர்கள் வழியே இதற்குப் பின்னால் இணைத்தால், அது சற்றுப் பின்தங்கி ஆடும். முன்கால்களுக்கு ஒன்று, பின்கால்களுக்கு ஒன்று. அந்தப் பின்தங்கல்தான் நடை.

ஒன்றையொன்று அடக்கும் இரண்டு நரம்புத் தொகுதிகள் தண்டுவடத்தில் இருந்தால் அவையே நடைத்தாளத்தை உண்டாக்கிவிடும் என்ற கருத்தை, பூனைகளை ஆராய்ந்து கிரகாம் பிரவுன் 1911-லேயே எழுதிவிட்டார். மூளை ஒவ்வொரு அடிக்கும் ஆணையிட வேண்டியதில்லை.

ஆனால் என்னைக் கவர்வது தாளம் அல்ல. கால் தடுக்கும்போது நடப்பது. மோட்டார் முட்டி நின்றால் அதிக கரண்ட்டை இழுக்கும். சிறிய கேட்டால் தாங்க முடியாது, வெளியீடு 5 வோல்ட்டிலிருந்து தொய்யும். அந்தத் தொய்வு கெபாசிட்டர் வழியே அடுத்த கேட்டின் உள்ளீட்டுக்குப் போய், பாதி அளவைச் சீக்கிரமே கடக்க வைக்கும். ஆகவே கால் முன்கூட்டியே திரும்பிவிடும். சென்சார் எதுவும் இல்லாமலே தடங்கல் 'தெரிகிறது'. கேட்டுக்கும் மோட்டாருக்கும் நடுவே நல்ல டிரைவர் ஐசி ஒன்றைப் போட்டால் சுற்று சுத்தமாகும். இந்த உணர்வு போய்விடும். அந்தச் சுத்தம் சிறிய எந்திரங்களுக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

ஒரு தொல்லை உண்டு. மேலே சொன்ன அமைப்பில் இரண்டு வெளியீடுகளும் சேர்ந்து 5 வோல்ட்டில் உறைந்துபோகலாம். கிரவுண்டுக்குப் போகும் இரண்டு ரெசிஸ்டர்களையும் எடுத்துவிட்டு, இரு உள்ளீடுகளையும் ஒரே ரெசிஸ்டரால் இணையுங்கள். பெரும்பாலும் தானே கிளம்பிவிடும்.

அடுத்த வாரத்துக்குள் கட்டிப் பாருங்கள். 74ஹெச்சி240 ஐசியில் எட்டு நாட் கேட்கள் இருக்கின்றன. 1, 19-ஆம் கால்களைக் கிரவுண்டில் இணைக்காவிட்டால் எதுவும் அசையாது. பயன்படாத உள்ளீடுகளையும் அந்தரத்தில் விடாதீர்கள். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் வேண்டாம். மெகா ஓம் சுற்றில் அதன் கசிவே நேரத்தைக் கெடுத்துவிடும். ஃபிலிம் வகை வாங்குங்கள். மோட்டாரை இப்போதே மாட்ட வேண்டாம்: வெளியீட்டுக்கு ஒன்றாக இரண்டு எல்இடிகளை, தனித்தனி 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு கிரவுண்டுக்கு இணைத்து, அவை மாறி மாறி எரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.