காகத்தின் பானையும் பள்ளிக்கரணையும்

சென்னையின் தெற்கே, பள்ளிக்கரணை பக்கம் புதிதாக ஓர் அடுக்குமாடி வருகிறதென்றால் அக்கம்பக்கத்தார் முதலில் பார்ப்பது லாரி லாரியாக வந்து இறங்கும் மண்ணைத்தான். "மனையை நாலடி ஏத்திட்டாங்க, இனிமே தண்ணி நம்ம வீட்டுக்குத்தான்" என்பார்கள். பொறாமைப் பேச்சு என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் இயற்பியல் தெரிகிறது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. மழை கொட்டியது. ஒரு ஏக்கரில் மட்டும் அது ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர்; 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் நிரப்பினால் 165 லாரி. தாழ்வான வெற்று நிலம் அதில் பெரும்பங்கைத் தன்மேல் நிறுத்தி, மெல்ல வடியவிடும். மேடாக்கி சிமென்ட் பூசிய நிலமோ அவ்வளவையும் தெருவில் தள்ளும். சுற்றுப்புறத்து வெள்ளம் வந்து தங்கிய இடமும் மண்ணடியில் போய்விடுகிறது. பானையில் கூழாங்கல் விழ விழத் தண்ணீர் மேலேறியதே, தாகமெடுத்த காகத்தின் கதையில், அதேதான் இங்கும்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்தான் அந்தப் பானை. சேலையூர், செம்பாக்கம் என்று ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழிந்து, சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் இங்கே வந்து சேர்கிறது. அந்தப் பரப்பில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை என்றாலும் 250 கோடி லிட்டர்! அதைக் கோரையும் நாணலுமாய் விரிந்த இந்தச் சதுப்பு வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு அவசரமில்லாமல் அனுப்புகிறது. 1965 வாக்கில் சதுப்பு சுமார் 5,500 ஹெக்டேர் பரந்திருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது 1,248 ஹெக்டேர். இடையில் குப்பைக்கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் வந்துவிட்டன. பானை சுருங்கியது, மழை சுருங்கவில்லை.

புது அடுக்குமாடிகளை எதிர்ப்பவர்களில் பலரது வீடும் ஒருகாலத்தில் இப்படி நிரப்பிய மண்மேல் எழுந்ததுதான். அதனாலேயே அவர்கள் சொல்வது பொய்யாகிவிடாது. வெள்ளத்தில் நின்று தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறார்கள். ஏழைகள் குடிவந்துவிடுவார்கள் என்று எழும் எதிர்ப்பு வேறு வகை. அதை நான் ஏற்கவில்லை.

அந்தப் பக்கம் வீடு வாங்கப் போகிறீர்களா? விளம்பரத்தை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குப் போங்கள். 2015-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள்.