மொழிக்கு என்ன பெயர்?
கலைக்களஞ்சியம் என்பது மிகப் பெரிய புத்தகம். உலகத்துச் சங்கதிகள் பலவும் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு உண்டு. தலைப்பைத் தெரிந்துகொண்டால்தான் பக்கத்தைப் புரட்ட முடியும்.

மொழிகளைப் பற்றிய கட்டுரைக்குத் தலைப்பு வைப்பது இருக்கிறதே, அது லேசான வேலை அல்ல!

மக்களா, மொழியா?

நமக்குத் "தமிழ்" என்றால் மொழி. "தமிழர்" என்றால் மக்கள். குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆகவே, 2001-ம் ஆண்டில் இணையத்தில் தொடங்கிய ஆங்கில விக்கிப்பீடியா, "தமிழ் மொழி" என்றே தலைப்பிட்டிருக்கிறது.

ஆனால் லத்தீன், இந்தி, சமஸ்கிருதம் ஆகியவற்றுக்கு அதில் வெறும் பெயர் மட்டும்தான். "மொழி" என்ற வால் கிடையாது. சமஸ்கிருதர் என்று ஒரு ஜனங்கள் இல்லையே!

1768-ல் ஸ்காட்லாந்தில் பிறந்த பிரிட்டானிக்காவோ, லத்தீனுக்கும் அந்த வாலை ஒட்டிவிடுகிறது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்ற எண்ணம் போலும்!

ஒரு மொழி, மூன்று பெயர்

இது வரை சொன்னது சின்னச் சங்கடம். மானப் பிரச்சினையும் உண்டு.

பாரசீக மொழியைப் பாருங்கள். அதன் பழைய பெயர் "பார்ஸி". அரபி எழுத்துக்களில் "ப" கிடையாது. அரபு மக்கள் ஈரானை வென்ற பிறகு, அந்தப் பெயர் "ஃபார்ஸி" ஆயிற்று. ஈரானியர்களும் இன்று அப்படியே சொல்கிறார்கள்.

பக்கத்து நாடான ஆப்கானிஸ்தானிலும் இதே மொழி பேசப்படுகிறது. 1964-ம் ஆண்டு அரசியல் சட்டத்தில் அதற்கு "தாரி" என்று பெயர் கொடுத்தார்கள். தாஜிகிஸ்தானில் அதன் பெயர் "தாஜிக்". அங்கே அதை ரஷ்ய எழுத்தில் எழுதுகிறார்கள். மூன்று நாட்டாரும் சந்தித்தால் பேசிக்கொள்ளலாம். ஆனால் கலைக்களஞ்சியத்தில் எத்தனை கட்டுரை போடுவது? விக்கிப்பீடியா மூன்றுக்கும் தனித்தனியே போட்டிருக்கிறது.

ஆங்கிலேயர் சிலரும் "ஃபார்ஸி" என்று எழுதத் தொடங்கினார்கள். மரியாதை என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் ஈரானின் மொழிக் கழகம் ஒப்புக்கொள்ளவில்லை! "ஆங்கிலத்தில் எழுதும்போது பழைய ஆங்கிலப் பெயரையே போடுங்கள். பெயரை மாற்றினால், ஏதோ புது மொழி என்று உலகம் நினைத்துவிடும்" என்பது கழகத்தின் வாதம். சாஅதியும் ஹாபிஸும் கவிதை பாடிய மொழி அல்லவா? கவலை நியாயந்தான்.

பிறர் வைத்த பெயர்

ஆப்பிரிக்காவின் தென்கோடியில் கதை வேறு. அங்கே வாழ்ந்த கோய்கோய் மக்களுக்கு, குடியேறிய டச்சுக்காரர்கள் "ஹாட்டன்டாட்" என்று பெயர் வைத்தார்கள். மொழிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய புத்தகங்களில் அதுவே தலைப்பு. இன்று அது வசைச்சொல்லாகவே கருதப்படுகிறது. பெரும்பாலோர் எழுதும் பெயரே தலைப்பு என்பது விக்கிப்பீடியாவின் பொது விதி. எழுதுகிறவர்கள் பிறராக இருந்தால், பேசுகிறவர்களின் பெயர் ஏறுவதற்கு நாளாகத்தானே செய்யும்? இப்போது "கோய்கோய்" என்ற பெயர் தலைப்புக்கு ஏறிவிட்டது.

சரி, பழைய பெயர் மட்டுமே தெரிந்தவர் என்ன செய்வார்? அச்சுப் புத்தகத்தில் பழைய பெயருக்கு நேரே, "கோய்கோய் என்ற தலைப்பில் காண்க" என்று ஒரு வரி போடுவது வழக்கம். இணையத்தில் அந்தச் சிரமமும் இல்லை. பழைய பெயரைத் தட்டினால், புதிய பெயர் உள்ள பக்கம் தானே திறந்துகொள்கிறது.