உண்ணிச்செடிச் செதிற்பூச்சி

மலைச்சாரல் கிராமமொன்றில் மிராசுதார் ஒருவர் உண்ணிச்செடியின் கிளை ஒன்றை ஒடித்துவந்து காட்டினார். தண்டு முழுவதும் வெண்மையான சிறு பூச்சிகள் அப்பியிருந்தன. இலைகள் கருகிச் சுருண்டிருந்தன. “இதை என் தரிசெங்கும் பரப்பிவிட்டால் உண்ணிப் புதர் ஒழிந்துபோகுமல்லவா?” என்று அவர் வினவினார். கேள்வி நியாயமானதே. ஆயினும் விடை கூறுமுன் பூச்சியின் தன்மையை அறிதல் அவசியம்.

இனமும் பெயரும்

இது செதிற்பூச்சி வகுப்பில் ஆர்த்தீசியிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. பிறப்பிடம் அமெரிக்காக் கண்டத்தின் உஷ்ணப் பிரதேசம். ஆயினும், முதன்முதல் சாஸ்திர முறையில் விவரிக்கப்பட்டது இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் கண்ட பூச்சிகளைக் கொண்டே. 1887-ம் வருஷத்தில் பிரௌன் என்பவர் இதற்கு ஆர்த்தீசியா இன்ஸிக்னிஸ் எனப் பெயரிட்டார். இப்பொழுது இன்ஸிக்னார்த்தீசியா என்னும் தனிச் சாதியில் சேர்த்திருக்கின்றனர். நம் நாட்டில் 1915-ல் நீலகிரியில் உண்ணிச்செடியின்மீது இது காணப்பட்டது.

உருவமும் வாழ்க்கையும்

பெண் பூச்சியின் உடல் ஓர் எள்ளினும் சிறியது, கரும்பச்சை நிறமுடையது. ஓரங்களில் வெண்மையான மெழுகுத் தகடுகள் வரிசையாக அமைந்திருக்கும். பின்புறத்தில் வரிவரியான நீண்ட மெழுகுப் பை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொடிபோலத் தூக்கிச் செல்வதால் இக்குடும்பத்தைக் கொடிதாங்கும் செதிற்பூச்சிகள் என்பர். அப்பையே முட்டைகளின் உறைவிடம். பொரித்த குஞ்சுகளும் சிலகாலம் அதனுள்ளேயே தங்கிப் பின்னரே வெளிவரும். ஆண் பூச்சிகள் அரிது. ஆணின்றியே பெண் இனம்பெருக்க வல்லது. ஆகவே ஒரு பூச்சி தப்பினும் போதும், புதிய கூட்டம் உண்டாகிவிடும்.

மற்றச் செதிற்பூச்சிகளிற் பல ஓரிடத்தில் ஒட்டியபின் கால்களை இழந்துவிடும். இதுவோ ஆயுள் முழுவதும் காலுடன் நடமாடும். பறக்க இயலாதெனினும் நாற்றுக்கள், வெட்டிய கிளைகள், மனிதர் உடை ஆகியவற்றுடன் ஊர்விட்டு ஊர் செல்லும்.

சேதம்

இது சாற்றை உறிஞ்சித் தேன்போன்ற கழிவைச் சொரியும். அதன்மேல் கரும்பூஞ்சணம் படர்ந்து இலையின் தொழில் குன்றும். உண்ணிச்செடி மட்டுமே இதன் உணவன்று. காப்பி, நாரத்தை வகைகள், தக்காளி, ரோஜா, ஜாகரண்டா முதலிய பலவற்றையும் தாக்கும்.

பிற நாடுகளின் அநுபவம்

ஹவாய்த் தீவுகளில் கால்நடைப் பண்ணைக்காரர்கள் உண்ணிப் புதரை அழிக்கக் கருதி இதைப் பரப்பினர். பின்னர் 1908-ல், இதைத் தின்னும் ஹைப்பராஸ்பிஸ் என்னும் பொறிவண்டை மெக்ஸிகோவிலிருந்து தருவிக்க நேர்ந்தது. செயிண்ட் ஹெலினாத் தீவில், உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளராத கம்வுட் மரங்கள் இப்பூச்சியால் அழியும் நிலையை எய்தின. 1993-ல் அதே பொறிவண்டை விட்ட பின்னரே அவை பிழைத்தன. அவ்வண்டின் புழு மெழுகுப் பையினுள் நுழைந்து முட்டைகளைத் தின்றுவிடும்.

செய்யவேண்டுவன

எனவே மிராசுதாருக்கு நாம் கூறிய விடை: பரப்பலாகாது. உண்ணிச்செடி வாடினும் வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பூச்சியோ வேலி தாண்டிக் காப்பிக்கும் நாரத்தைக்கும் வந்து சேரும். புதரை வேரோடு தோண்டுவதே நலம். பூச்சி பற்றிய கிளைகளை இழுத்துச் செல்லாமல் அங்கேயே கொளுத்துக.

தோட்டத்தில் கண்டால், மிகுதியாகப் பற்றிய கிளைகளை வெட்டி எரித்து, எஞ்சியவற்றின்மீது மீனெண்ணெய்ச் சோப்புக் கரைசலை இலையின் அடிப்புறம் நனையும்படி விசையாகத் தெளித்தல் வேண்டும். மெழுகுப் பைக்குள் உள்ளவை தப்பிவிடுமாகையால், குஞ்சுகள் வெளிவந்ததும் மறுமுறை தெளிப்பது அவசியம். வெளியூர் நாற்றுக்களைத் தண்டும் இலையடியும் பார்த்தே வாங்குக.

ஒருவர் நிலத்தில் விட்ட பூச்சி அவர் எல்லையோடு நில்லாது. ஆகையால் கிராம அதிகாரிகள், புறம்போக்கு நிலத்து உண்ணிப் புதர்களில் இவ்வெண்மையைக் கண்டவுடன் விவசாய இலாகாவுக்கு அறிவித்து, அயல் தோட்டக்காரரையும் எச்சரிக்கக் கோருகிறோம்.